அஞ்சும் நெஞ்சுக்கு ஒரு பூச்செடி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)



மண்டபத்தில் பேசியதை மலருக்கும் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆகவே, வீட்டில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

"பரிசு வாங்காத செல்வங்களே" என்று நான் அழைத்தபோது பின்வரிசையில் சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைப் பார்த்த பிறகு, நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச வந்தவன், பயத்தைப் பற்றிப் பேசினேன். நம் வீடுகளில் அரிசி இல்லாத நாள் உண்டு. பயம் இல்லாத நாள் இல்லை. பிள்ளைக்குப் பரீட்சை பயம். தகப்பனுக்கு வேலை பயம். தாய்க்கு எல்லாருடைய பயமும் சேர்த்து ஒரு பயம். இந்தப் பயத்தை என்ன செய்வது? எனக்குத் தெரிந்த பதில், என் தாயார் எனக்குக் காட்டிய பதில்.

பால் டின்னில் பூத்த பூ

1963ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. என் தகப்பனாரும் தாயாரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர்கள். ஒருநாள் பிரட்டுக்களத்தில் அப்பா இருமினார், கைக்குட்டையில் இரத்தம். தோட்டத்து டிரஸர் ஐயா பார்த்துவிட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சயரோகம் என்று சொன்னார்கள். ஆறு மாதம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்தக் காலத்தில் சயரோகம் என்றால் பாதி மரணம். ஊசியும் மருந்தும் வந்துவிட்டன என்று டாக்டர்கள் சொன்னாலும் லயத்து மக்கள் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்களோடு விளையாடக் கூடாது என்றார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க யாரும் வருவதில்லை. வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். ஒரே ஆள் சம்பளம். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கடைக்காரரிடம் கணக்கு ஏறும்.

என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்திருப்பார். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வாசலுக்குப் போவார். அங்கே வரிசையாகப் பழைய பால் டின்கள் ஏழெட்டு இருக்கும். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, கனகாம்பரமும் செவ்வந்தியும் வைத்திருந்தார். மண்ணெண்ணெய் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டின்னுக்கும் தண்ணீர் ஊற்றுவார். காய்ந்த இலையைக் கிள்ளுவார். புதிதாக மொட்டு வந்திருந்தால் விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஆத்திரத்தோடு கேட்டேவிட்டேன்: "ஏம்மா, அப்பா ஆஸ்பத்திரியில கெடக்காரு. ஒனக்குப் பூ கேக்குதா?"

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "தம்பி, ராத்திரி பூரா அதையேதான்டா நெனைச்சுக்கிட்டுக் கெடக்கேன். இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துற நேரந்தான் நெஞ்சு கொஞ்சம் எறங்குது. நெஞ்சு எறங்குனாத்தானே மரத்துக்குப் போக முடியும்? நான் மரத்துக்குப் போனாத்தானே நீங்க சாப்பிட முடியும்?" என்றார். சொல்லிவிட்டு வாளியையும் காண்டாக் கம்பையும் எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்து அப்பா திரும்பி வந்தார். ஆனால் பழைய ஆளாக வரவில்லை. மரம் வெட்ட முடியவில்லை. சில்லறை வேலைதான் கொடுத்தார்கள். ஆகவே, பூச்செடி வைத்ததனால் எங்கள் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கஷ்டம் இருந்தது. அந்தக் கஷ்டத்தின் நடுவில் என் தாயார் விழாமல் நின்றார். அவர் நின்றதனால் நாங்கள் நால்வரும் நின்றோம். பூச்செடி செய்த வேலை அதுதான்.

நான் செய்த தவறு

பிறகு நான் ஆசிரியர் ஆனேன். ஆனதும் தாயார் சொன்ன பாடத்தை மறந்துவிட்டேன். மேடையில் நின்று என் தவற்றைச் சொல்ல வெட்கப்படவில்லை. நீங்களும் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1994ஆம் ஆண்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி. கெட்டிக்காரி. ஆனால் யு.பி.எஸ்.ஆர். சோதனை என்ற பேச்சை எடுத்தாலே கை நடுங்கும். காலையில் பசியாறியது வயிற்றில் தங்காது. நான் என்ன செய்தேன்? "பயப்படாதே, பயப்படாதே" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன். பயம் போகட்டும் என்று பயிற்சித் தாள்களை இரண்டு மடங்காகக் கொடுத்தேன். முன்னோட்டத் தேர்வில் அந்தப் பிள்ளை வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு அழுதது.

மறுநாள் அவளுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரய்யா, வீட்டுல கோலம் போடுறப்ப மட்டும் இது கை நடுங்குறதில்லீங்க" என்று சொன்னார். என் தாயாரின் பால் டின்கள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

அன்று முதல் பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால், கரும்பலகையின் மூலையில் பத்து நிமிடம் கோலம் போடச் சொன்னேன். புள்ளி வைப்பாள், புள்ளியைச் சுற்றிக் கோடு இழுப்பாள், ஒரு புள்ளியும் விடுபடாமல் கோடு வந்து சேர்ந்ததும் சிரிப்பாள். பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுவாள். பயிற்சித் தாளைப் பாதியாகக் குறைத்தேன். சோதனையில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாளா என்றால், இல்லை. ஆனால் எல்லாத் தாளையும் முழுதாக எழுதினாள். இன்று ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறாள். இரவு வேலைக்குப் போகும் முன் ஒரு தாளில் சிறு கோலம் போட்டுவிட்டுத்தான் போகிறேன் என்று போன தீபாவளிக்குச் சொன்னாள்.

ஏன் இப்படி நடக்கிறது?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ சண்டைக்கோ ஆயத்தமாகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. மூச்சு மேலே நிற்கிறது. வயிறு பிசைகிறது. பாம்பு எதிரே வந்தால் இது நல்லது, ஓடித் தப்பிக்கலாம். ஆனால் கணக்குத் தாள் பாம்பு இல்லையே! ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அப்போது மனம் அந்த ஒன்றையே சுற்றிச் சுற்றி வருகிறது, செக்குமாடு மாதிரி.

"அதை நினைக்காதே" என்று மனத்துக்குக் கட்டளை போட்டால் அது கேட்காது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன கதைதான். மனத்தைக் காலியாக வைக்க முடியாது. அதன் கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் பார்பரா பிரடெரிக்சன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்து, அதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிலரை அழைத்து, "நீங்கள் மேடைப்பேச்சுப் பேச வேண்டும், தயார் செய்ய ஒரு நிமிடந்தான் அவகாசம், அதைப் படம் பிடிக்கப் போகிறோம்" என்று சொன்னார்கள். எல்லாருக்கும் நெஞ்சு படபட என்று அடித்தது. (இன்று இங்கே பேச்சுப் போட்டியில் ஏறிய பிள்ளைகளுக்கு அது எப்படி என்று தெரியும்!) பிறகு, பேச வேண்டியதில்லை என்று விட்டுவிட்டு ஆளுக்கொரு சிறு படம் காட்டினார்கள். சிலருக்குக் கடல் அலை. சிலருக்கு விளையாடும் நாய்க்குட்டி. சிலருக்கு மகிழ்ச்சியும் துக்கமும் இல்லாத ஒரு படம். சிலருக்கு அழ வைக்கும் காட்சி. அலையையும் நாய்க்குட்டியையும் பார்த்தவர்களின் இதயம்தான் மற்றவர்களுடையதைவிட விரைவாகத் தன் நிலைக்குத் திரும்பியது. சோகக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது.

அதாவது, "நெஞ்சு எறங்குது" என்று என் தாயார் சொன்னாரே, அதைத்தான் அவர்கள் கருவி வைத்து அளந்து சொன்னார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பால்வெட்டுக்காரப் பெண்மணி அதை முப்பத்தேழு ஆண்டு முன்னதாகவே சொல்லிவிட்டார்.

சிறைக்குள்ளும் மலர்ந்தவர்கள்

மகிழ்ச்சி தரும் பொருள் ஒன்று. நம்மைத் தூக்கி நிறுத்தும் பொருள் மற்றொன்று. இரண்டும் வேண்டும்.

வ.உ. சிதம்பரனாரை உங்களுக்குத் தெரியும். கப்பலோட்டிய தமிழர். 1908ஆம் ஆண்டு அவருக்கு நாற்பது ஆண்டு தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். வெளியே அவர் தொடங்கிய கப்பல் கம்பெனி 1911இல் முடிந்தே போயிற்று. குடும்பம் வறுமையில் கிடந்தது. கவலைப்பட அவருக்கு இல்லாத காரணமா? அந்தச் சிறையிலிருந்தே, ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளர் மனத்தின் வலிமையைப் பற்றி எழுதிய நூலைத் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் அது 1909இல் வந்தது. பிறகு கண்ணனூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதினார். உடம்பு செக்கைச் சுற்றியது. மனத்தைச் சுற்றவிடாமல் தமிழில் கட்டிவைத்தார்.

தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலாவை 1982இல் போல்ஸ்மூர் என்ற சிறைக்கு மாற்றினார்கள். அங்கே சிமெண்டுக் கூரைதான், மண் கிடையாது. பதினாறு எண்ணெய்ப் பீப்பாய்களைக் கேட்டு வாங்கி, இரண்டாக வெட்டி, 32 தொட்டிகளாக்கி, கூரையின்மேல் தோட்டம் போட்டார். வெங்காயம், கத்தரி, தக்காளி எல்லாம் விளைந்தன. சிறைச் சமையலுக்கும் கொடுத்தார். தம்மைக் காவல் காத்தவர்களுக்கும் கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் வாசலில் இருந்த பால் டின்கள்தான் கண்ணில் நின்றன.

நம் திருக்குறளிலும் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. துன்பம் வந்தால் சிரி என்றுதான் அது தொடங்குகிறது. ஏளனச் சிரிப்பு அல்ல. எழுந்து நிற்பதற்கான சிரிப்பு.

எது மகிழ்ச்சி, எது மயக்கம்?

இங்கே ஓர் எச்சரிக்கை. "அட, வாத்தியாரே சொல்லிட்டாரு, சந்தோஷமா இருக்கணுமாம்" என்று யாரும் நேரே புட்டிக் கடைக்குப் போய்விடக் கூடாது! கவலையை மறக்கக் குடித்தேன் என்று சொல்லிக் குடும்பத்தைத் தொலைத்தவர்களை நம் தோட்டங்கள் நிறையப் பார்த்துவிட்டன. பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணிவரை கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதும் அதற்குத் தம்பிதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய வழி சொல்கிறேன். அது முடிந்த பிறகு உன்னைப் பார். கை வேலைக்குப் போகிறதா? முகம் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறதா? அப்படியானால் அது மகிழ்ச்சி. தலை கனக்கிறதா, யார் மேலாவது எரிச்சல் வருகிறதா, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கிறதா? அப்படியானால் அது மயக்கம். என் தாயார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு மரத்துக்குப் போனார். அதுதான் அடையாளம்.

மாணவ மணிகளுக்கு

ஆறாம் ஆண்டுச் சோதனையை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் பயத்தை யாரும் எடுத்துவிடவில்லை. இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய்மொழியில் நடக்குமே என்ற பயம், புது நண்பர்கள் கிடைப்பார்களா என்ற பயம், பிறகு எஸ்.பி.எம். வரை வரிசையாகப் பயம். உங்களுக்கு நான் சொல்வது நான்குதான்.

முதலாவது, மனம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், உங்களுக்கு மகிழ்ச்சி தரும் ஐந்து காரியங்களை எழுதி வையுங்கள். பந்து விளையாட்டோ, பாட்டோ, கோழிக்குஞ்சோ, பாட்டி சொல்லும் கதையோ, எதுவானாலும் சரி. பயம் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. மழை வருவதற்கு முன்னால்தான் கூரையை வேய வேண்டும்.

இரண்டாவது, நாள்தோறும் பத்து நிமிடம் அதில் ஒன்றைச் செய்யுங்கள். சோதனை நாளிலும் அதை விடாதீர்கள். மண்டபத்துக்குள் போகும்போது மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். அதுவும் நெஞ்சை இறக்கும்.

மூன்றாவது, உங்களைத் தூக்கி நிறுத்தும் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். நூலகத்தில் ஒருவருடைய வரலாற்றைப் படியுங்கள். நூலகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு மணிக்கு எழுந்து உங்களுக்கு உணவு கட்டிக் கொடுக்கும் அம்மாவிடம் ஒரு நாள் கேளுங்கள்: "அம்மா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று. பெரிய புத்தகமே திறக்கும்.

நான்காவது, கவலையை மூடி மறைக்காதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் எழுதுங்கள். சோதனைக்குச் சற்று முன்னால் தங்கள் பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள் சோதனையை மேலாக எழுதியதாக, சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். கவலையைத் தாளில் இறக்கிவிட்டால் மனத்தில் மற்றதற்கு இடம் கிடைக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும்

பிள்ளை பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே "எத்தனை மார்க்கு?" என்று கேட்கிறோம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை?" என்பது அடுத்த கேள்வி. கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கேள்வியை மட்டும் மாற்றுங்கள். "இன்னைக்கு எது உனக்குச் சந்தோஷமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கேட்டால் போதும்; எட்டாவது நாள் பிள்ளை தானே ஓடிவந்து சொல்லும். மார்க்கையும் சேர்த்துச் சொல்லும்.

தோட்டத்துப் பெரியோர்களே, உங்கள் கவலை எனக்குத் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் காட்டையும் வீடமைப்புக்கு விற்ற இடங்கள் உண்டு. இருக்கும் வீட்டை எப்போது விடச் சொல்வார்களோ என்ற பயம் சும்மா வந்த பயம் அல்ல. அதற்குச் சங்கம் வேண்டும், மனு வேண்டும், ஒற்றுமை வேண்டும். பூச்செடி மட்டும் போதாது. ஆனால் இராத்திரி முழுதும் தூங்காத மனிதன் காலையில் கூட்டத்துக்குப் போய் நிதானமாகப் பேச முடியாது. ஆகவே, திடலில் பிள்ளைகளோடு பந்து ஆடுங்கள். கோயில் பஜனையில் பாடுங்கள். உறுமி அடிக்கத் தெரிந்தவர் இளைஞருக்குக் கற்றுக் கொடுங்கள். அதை வீண்பொழுது என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மகிழ்ச்சியே வரவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது பூச்செடியால் தீரும் கவலை அல்ல. அது நோய். அரசாங்க மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். என் தகப்பனாரின் சயரோகத்துக்கு வெட்கப்பட்டு வீட்டிலேயே கிடந்திருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார். மனத்துக்கு வரும் நோயும் அப்படித்தான். வெட்கம் வேண்டாம்.

முடிவாக

என் தாயார் 2004இல் மறைந்தார். அவர் வளர்த்த கனகாம்பரத்தின் விதையிலிருந்து வந்த செடிகள் இன்னும் என் வீட்டு வாசலில் பூக்கின்றன. விழாவுக்கு வரும்போது பால் டின்னில் வைத்த கன்றுகள் சிலவற்றைக் கொண்டுவந்தேன். பள்ளி வாசலில் வைத்திருக்கிறேன். பரிசு வாங்கியவர்களுக்குக் கோப்பை இருக்கிறது. கன்று, தலையைக் குனிந்துகொண்ட பிள்ளைகளுக்கு. மிச்சம் இருந்தால் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துப் போய் வாசலில் வையுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். மொட்டு வந்தால் கிட்டே போய்ப் பாருங்கள். நெஞ்சு இறங்கும். பிறகு அவரவர் மரத்துக்கு, அவரவர் பாடத்துக்குப் போங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!